சந்தேகம் வந்தால் வெளியே

யாராவது என்னிடம் “கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு” என்றால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். பேங்க்கில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் என்று அந்த வாக்கியம் எங்கே காதில் விழுந்தாலும் சண்டைக்குப் போய்விடுவேன். கூட வருகிறவர்கள் என்னைத் தனியாக இழுத்துப் போய், “உனக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?” என்பார்கள். எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓசூர்ப் பக்கம் ஒரு தொலைபேசி நிலையத்தில் எனக்குப் புகார் மேஜையில் வேலை. எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் ரிடையர் ஆகி, பென்ஷனும் பேரப்பிள்ளைகளுமாக நன்றாகவே இருக்கிறார்கள். கம்பெனிகள் மேலும் மேலும் வந்துகொண்டிருந்த காலம். ஸ்பேர் பார்ட்ஸ் செய்கிற சின்னப் பட்டறை, ரோஜாத் தோட்டம், கோழிப்பண்ணை, மாவு மில் என்று எல்லோருக்கும் போன் வேண்டும். வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர்களுக்கு அது வேலையும் செய்ய வேண்டும். வேலை செய்யாதபோது திட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

“போன் செத்துப்போச்சு” என்று தமிழில் கத்துவார்கள். “ஃபோன் சச்சிபோயிந்தி” என்று தெலுங்கில் கத்துவார்கள். “சத்தோகிதே மேடம்” என்று கன்னடத்தில். ஒரே ஆள் மூன்றிலும் திட்டுவதும் உண்டு. உத்தனப்பள்ளி ரோட்டு மாவு மில்காரர் ஒருவர் தமிழில் மரியாதையாக ஆரம்பித்து, தெலுங்கில் சூடாகி, கன்னடத்தில் போனை அறைந்து வைப்பார். நான் தர்மபுரிக்காரி. வந்த புதிதில் விழித்தேன், பிறகு மூன்றிலும் திருப்பிப் பேசக் கற்றுக்கொண்டேன்.

மிஷின் வருவதற்கு முன்னால் பழுதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முறை இருந்தது. புகார் வந்த லைனை என் மேஜையிலேயே இணைத்து, மீட்டர் முள் எப்படி ஆடுகிறது என்று பார்ப்பேன். கம்பி அறுந்திருந்தால் முள் ஒரு மாதிரி இருக்கும், தண்ணீர் இறங்கியிருந்தால் இன்னொரு மாதிரி. பாதி நேரம் முள் எதையும் தெளிவாகச் சொல்லாது. அப்போது சீட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவேன். அது வெட்கப்பட வேண்டிய வார்த்தையாக அப்போது இல்லை. ‘தெரியவில்லை’ என்றால் இரண்டு பேர் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். நிலையத்துக்குள் டெக்னீஷியன் கேபிள் வந்து சேரும் இடத்தைப் பார்ப்பார். ரோட்டில் லைன்மேன் பாதி வழியில் இருக்கும் பெட்டியைத் திறந்து, அங்கிருந்து எனக்குப் பேசுவார். பழுது இந்தப் பாதியில் இல்லை என்றால் அந்தப் பாதி, பிறகு அந்தப் பாதியிலும் பாதி என்று நெருங்கிக்கொண்டே போவோம். மெதுவான வேலைதான், சில சமயம் ஒரு நாள் முழுக்க இழுக்கும். ஆனால் கண்டுபிடிக்கும் முன்பே யார் தலையிலாவது கட்டுகிற வேலையாக அது இருக்கவில்லை.

பிறகு மிஷின் வந்தது. ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் பீரோ அளவுக்கு ஒரு சோதனைப் பெட்டி, காது கிழிய அச்சடிக்கும் ஒரு பிரின்டர். தானாகவே ஒவ்வொரு லைனாகத் தொட்டுப் பார்க்கும். பழுது என்ன, உள்ளேயா வெளியேயா, அது எவ்வளவு நிச்சயம் என்று நூற்றுக்கு மார்க் போட்டு அச்சடித்துக் கொடுக்கும். அதற்குத் தனி அறை, தனி ஏ.சி. மனுஷர்களான எங்களுக்கு ஒரு மின்விசிறி, அதுவும் தலையை ஆட்டி ஆட்டி ‘முடியாது’ என்று சொல்கிற விசிறி. ஆயுத பூஜையை ஒட்டிப் பெரிய அதிகாரி வந்து மிஷினைத் திறந்துவைத்தார். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. லைன்மேன்களின் ப்ளையரும் ஏணியும் வராந்தா மூலையில் கிடந்து மீதிப் பொட்டை வாங்கிக்கொண்டன.

அந்த விழாவுக்குச் சில நாள் முன்னால் நடந்ததுதான் முக்கியம். மிஷினுக்குப் புரோகிராம் எழுதிய இளைஞர் பெங்களூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர், எங்கள் எல்லோரையும் ‘மேடம்’, ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். இந்த மிஷினை ஓட்டப் போகிறவள் நான் என்பதால் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் எங்கள் நிலையத்து அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்டார். சில பழுதுகளில் அளவுகளைப் பார்த்தால் இரண்டு பக்கமும் பொருந்துகிறது. நிலையத்துக்குள்ளும் இருக்கலாம், வெளியே ரோட்டிலும் இருக்கலாம். மிஷினால் பிரித்துச் சொல்ல முடியாத அந்த நேரத்தில் அது எந்தப் பக்கம் சாய வேண்டும்?

அதிகாரி டீயை ஊதிக்கொண்டே சொன்னார். “வெளிய.”

“எப்பவுமா சார்?”

“கம்பி வெளியதானே ஓடுது? மழை வெளிய, மாடு வெளிய, லாரி வெளிய. உள்ள என்ன இருக்கு? நாமதான் இருக்கோம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “தெரியலைன்னு போடக் கூடாதா சார்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “தெரியலைன்னு சொல்றதுக்கா இவ்வளவு செலவு பண்ணி மிஷின் வாங்கியிருக்கு? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இளைஞர் ஏதோ ஓர் எண்ணைத் தட்டினார். அவ்வளவுதான், முடிந்தது. பழுது பெரும்பாலும் வெளியேதான் இருக்கும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது வேறு, ‘இந்தத் தடவை’ என்பது வேறு. எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு அன்றைக்கு ஒரு விலாசம் எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்த விலாசத்தில் குடியிருப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உத்தனப்பள்ளி ரோட்டைப் பொறுத்தவரை அங்கே குடியிருந்தது ஒரு லைன்மேன். அந்த ரோடு முழுக்க அவர் பொறுப்பு. என்னைவிடப் பல வயது மூத்தவர், ஆனால் தினக்கூலி. அவரைப் பெரிய உத்தமர் என்று சொல்ல மாட்டேன். வாய் நீளம், வேலைக்குக் கிளம்பச் சொன்னால் முதலில் டீ, பிறகு நேற்றுப் பார்த்த சினிமாவின் கதை, அதுவும் சண்டைக் காட்சிகளை ஏணியைப் பிடித்து நடித்துக் காட்டி. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், பஸ் கண்டக்டருடன் சண்டை போடக் கன்னடம். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் கல் உடைத்துவிட்டு வந்தவர். அவருடைய அண்ணன் அதே குவாரியில் கை விரல்களை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

தினக்கூலி ஆட்களை நிரந்தரமாக்கப் போகும் பட்டியலில் அவர் பெயரும் ஏறியிருந்தது. அது ஒன்றுதான் அவருக்கு வாழ்க்கை. “பெர்மனென்ட் மட்டும் ஆயிட்டன்னு வெச்சுக்கோங்க மேடம், வேற ஒண்ணுங் கேக்க மாட்டன். மறுபடி கல்லு ஒடைக்கப் போவாம இருந்தாப் போதும்” என்பார். பட்டியலிலிருந்து பெயர் அடிபட ஒரே வழிதான் இருந்தது. வேலையில் கவனக்குறைவு என்று மெமோ சேர வேண்டும்.

மிஷின் வந்து கொஞ்ச நாளிலேயே உத்தனப்பள்ளி ரோட்டு லைன்கள் கெட ஆரம்பித்தன. அடியோடு செத்தால்கூடப் பரவாயில்லை. இவை பாதி உயிரோடு கிடந்தன. பேச்சுக்கு நடுவே கரகரவென்று இரைச்சல் வரும், ஒரு பக்கம் பேசுவது மறு பக்கம் கேட்காது, மத்தியானம் செத்துக் கிடந்த போன் மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி மணியடிக்கும். மாவு மில்காரர் கன்னடத்துக்கு வர நேரமே எடுத்துக்கொள்ளவில்லை, நேராக அதிலேயே ஆரம்பித்தார். மிஷினிடம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: கம்பியில் கசிவு, வெளியே. பக்கத்தில் நல்ல மார்க். சில நாள் எழுபது, சில நாள் எண்பது. எங்கே கற்றுக்கொண்டதோ, எவ்வளவு தைரியம்!

லைன்மேன் போவார். கம்பம் கம்பமாக ஏறி, பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் செம்மண்ணாகத் திரும்பி வருவார். “ஒண்ணுங் காணம் மேடம். எல்லாம் நல்லாத்தான் கெடக்குது.” அடுத்த நாள் மறுபடி பழுது, மறுபடி வெளியே. மிஷின் வெளியே என்று சொல்லியும் லைன்மேன் ஒன்றும் காணாமல் திரும்பி வந்தால் அவர் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம், அப்படித்தான் புதிய விதி. மெமோ வந்தது. இன்னொன்றும் வந்தது.

என் கோபத்தில் பாதி அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து வந்தது. அந்த மனுஷர் தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தவர், “நம்மளுக்குத்தான் கண்ணு தெரியலையோ என்னமோ” என்று முணுமுணுக்கத் தொடங்கினார். சினிமாக் கதை நின்றது. வெறும் கையோடு திரும்பினால் மெமோ என்பதால், நன்றாக இருந்த ஜாயின்ட்டுகளையே வெட்டி, புதிதாக முறுக்கி, சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு, “ஜாயின்ட் மாத்தினன்” என்று வந்து சொன்னார். டியூப் எத்தனை நாள் தாங்கும்? ஒரு மழை பெய்தது, அவர் மாற்றிக் கட்டியதில் இரண்டு நிஜமாகவே கெட்டுப்போயின. மிஷின் உடனே ‘வெளியே’ என்றது. போய்ப் பார்த்தால் வெளியேதான்! அதிகாரி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்து ஆட்டிக் காட்டினார். “பாத்தியாம்மா? மிஷின் பொய் சொல்லாது.” ஒருவனை ஓயாமல் திருடன் என்று சொல்லித் திருட வைத்துவிட்டு, பிடித்தேன் பார் என்று நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அந்த வாரமே அதிகாரி சொன்னார், இன்னும் ஒரு மெமோ ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி மேலே எழுதப்போவதாக. லைன்மேன் காதுக்கும் அது போய்விட்டது. அதன் பிறகு அவர் என் மேஜைப் பக்கம் வந்தால் சீட்டை வாங்கிக்கொண்டு அப்படியே சைக்கிளை எடுத்துக் கிளம்பிவிடுவார்.

நான் கண்டுபிடித்தது பெரிய கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. கரன்ட் ஆபீஸில் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் அப்போது அடிக்கடி உண்டு. அன்றைக்கு எங்கள் நிலையம் பேட்டரியில் ஓடும். மிஷின் மட்டும் ஓடாது, அதன் ஏ.சி.யும் ஓடாது. அப்படி ஒரு நாள் மத்தியானம் உத்தனப்பள்ளி ரோட்டிலிருந்து ஒரு திட்டும் வரவில்லை. மில்லும் கரன்ட் இல்லாமல் நிற்கும், அதனால் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நானே மாவு மில்காரரைக் கூப்பிட்டேன். குரல் கணீரென்று வந்தது. “இன்னைக்கு எப்படிம்மா சரி பண்ணினீங்க?” என்று தமிழிலேயே கேட்டார். அடுத்த தடவை கரன்ட் நிறுத்தியபோதும் அப்படியே ஆயிற்று.

அதிகாரியிடம் போனேன். “மிஷின் நிக்கற அன்னிக்கெல்லாம் அந்த ரோடு நல்லா இருக்கு சார்.”

“கரன்ட் இல்லாத அன்னிக்கு ஹை டென்ஷன் கரன்ட் கம்பியோட தொந்தரவு இருக்காதும்மா. போன் கம்பி அதுக்குப் பக்கத்துலதானே போகுது? அதுவும் வெளியதான்” என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரோ கூடத்துக்கு வெளியே இருக்கும் தெருவே கோணல் என்கிறவர். ஆனால் அவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான், அதனால் என்னால் மேலே வாதாட முடியவில்லை.

சில நாள் கழித்துச் சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைக் கழுவ நிலையத்தின் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். அங்கே தரையில் ஓர் இரும்பு மூடி. அதன் கீழேதான் கேபிள் குழி, ரோட்டிலிருந்து வரும் கேபிள்கள் எல்லாம் நிலையத்துக்குள் நுழைகிற இடம். குழாயை மூடிய பிறகும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சொட்டு சொட்டாக, மூடிக்குக் கீழேயிருந்து. பார்த்தால், ஏ.சி.யின் தண்ணீர் போகும் பிளாஸ்டிக் டியூப் சுவரோரமாக வளைந்து வந்து, மூடியின் ஓட்டை வழியாகக் குழிக்குள் இறங்கியிருந்தது. எனக்கு உடனே விளங்கியது. திறப்பு விழாவன்று காலையில் ஏ.சி.த் தண்ணீர் வாசற்படியில் தேங்கிக் கோலத்தை அழித்தது. பெரிய அதிகாரி சேற்றில் கால் வைக்கப்போகிறார் என்று எங்கள் அதிகாரி குதித்தார். ஏ.சி. மாட்ட வந்த ஆள் டியூப்பைப் பின்பக்கமாகத் திருப்பிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டையில் சொருகிவிட்டுப் போய்விட்டான். விழா முடிந்தது. டியூப்பை யார் நினைக்கப்போகிறார்கள்?

டெக்னீஷியனைக் கூப்பிட்டு மூடியைத் தூக்கினோம். குழியில் தண்ணீர் நின்றது. எல்லாவற்றுக்கும் கீழே கிடந்த கேபிளின் பெரிய ஜாயின்ட் அதில் முழுகிக் கிடந்தது. உத்தனப்பள்ளி ரோட்டுக் கேபிள் அதுதான். ஏ.சி. நிற்கிற ராத்திரியிலும் கரன்ட் இல்லாத நாளிலும் தண்ணீர் மண்ணில் இறங்கி மட்டம் குறையும், லைனும் பிழைக்கும். ஏ.சி. ஓடினால் மறுபடி முழுகும். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். பழுதைக் கண்டுபிடிக்க வந்த மிஷினைக் குளுகுளுவென்று வைத்திருந்த தண்ணீரே பழுது. அதை அந்த மிஷினே மாதக்கணக்கில் நூற்றுக்கு எழுபது எண்பது மார்க் போட்டு, வெயிலில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவன் தலையில் எழுதியிருக்கிறது.

டெக்னீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டார். “யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம்” என்றார். நான் நேரே அதிகாரி அறைக்குத்தான் ஓடினேன்.

அவர் வந்தார், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு குழியைப் பார்த்தார். அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. டியூப்பை உருவிச் சாக்கடைக்குத் திருப்பினார்கள், தண்ணீரை இறைத்தார்கள், ஜாயின்ட்டைப் பிரித்து உலர்த்தி மறுபடி கட்டினார்கள். சில நாளில் உத்தனப்பள்ளி ரோடு முழுக்கத் தெளிவாகிவிட்டது. மாவு மில்காரர் கூப்பிட்டு நன்றி சொன்னார். நான் ரொம்பவே சந்தோஷப்பட்டேன். லைன்மேன் தப்பித்தார், இனி மெமோக்களை ரத்து செய்வதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய அசடு நான்!

“ரத்து பண்ணணும்னா காரணம் எழுதணும்மா” என்றார் அதிகாரி. “காரணம் என்னன்னு எழுதுவ? நம்ம ஏ.சி.த் தண்ணின்னா? அது எப்ப விட்டது, யார் விட்டதுன்னு கேப்பாங்க. பெரியவர் வந்து தொறந்துவெச்ச மிஷின். போட்டோவெல்லாம் எடுத்து மாட்டியிருக்கு.”

“அதுக்காக அவர் வேலை போகணுமா சார்?”

“யார் போகச் சொன்னது? நான் என்ன ராட்சசனா? ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுக்கச் சொல்லு. ‘என் கவனக்குறைவால் நடந்தது, இனிமேல் நடக்காது’ன்னு. மெமோ ஃபைல்ல இருக்கறப்ப அது இல்லாம அவன் பேரை அனுப்ப முடியாது. குடுத்தா நானே சிபாரிசு பண்ணி அனுப்பறேன். பெர்மனென்ட் ஆயிடுவான். எல்லாருக்கும் நல்லது.”

“செய்யாத தப்புக்கா?”

“செய்யலைன்னு யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும் சார். நீங்கதானே குழியைப் பாத்தீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரிஞ்சது ஃபைல்ல இல்லைம்மா.”

அந்த நிமிஷம் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதிக்க வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. கதவை மட்டும் அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அதுவும் ஸ்பிரிங் வைத்த கதவு, மெதுவாகத்தான் சாத்திக்கொண்டது.

லைன்மேனை வராந்தாவில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டியூப், குழி, தண்ணீர், கடைசியாக மன்னிப்புக் கடிதம். அவர் வாயைப் பற்றித்தான் சொன்னேனே, கட்டடமே அதிரக் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். கத்தினால் கூடவே நானும் கத்தத் தயாராக இருந்தேன். அவர் பீடியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

“எழுதிக் குடுத்தா பெர்மனென்ட் நிச்சயந்தானா மேடம்?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே திட்டினேன். “உங்களுக்குச் சூடு சொரணை இல்லையா? அவங்க தண்ணியை விட்டுட்டு உங்களை மன்னிப்புக் கேக்கச் சொல்றாங்க. யூனியனுக்குப் போகலாம், மேல எழுதிப் போடலாம். நான் சாட்சி சொல்றேன்.”

“நீங்க சொல்லுவீங்க மேடம். அதுக்குள்ள லிஸ்ட்டு போயிடும். அப்பறம் கேஸ் ஜெயிச்சு நான் இன்னா பண்றது?” பீடியைக் காதில் சொருகிக்கொண்டார். “கோபம் ஒங்களுக்குக் கட்டுப்படியாவும். எனக்கு ஆவாது.”

பிறகு அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். “நான் படிச்சது தெலுங்கு ஸ்கூலு. தமிழ் பேசுவன், எழுத வராது. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதினேன். என் மேஜையில், என் பேனாவால், புகார்ச் சீட்டுகளில் ‘தெரியவில்லை’ என்று எத்தனையோ தடவை எழுதிய அதே கையால். ‘உத்தனப்பள்ளி ரோட்டில் ஏற்பட்ட பழுதுகள் யாவும் என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தவை என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன்.’ பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தினேன். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு அவர், “இன்னுங் கொஞ்சம் கெஞ்சி எழுதுங்க மேடம்” என்றார். இன்னும் கொஞ்சம் கெஞ்சி எழுதினேன். கீழே அவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆர்டர் வந்தது, லைன்மேன் நிரந்தரமானார். மைசூர்பாகு டப்பாவோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தார், அதிகாரிக்கு முதல் துண்டு. எனக்கு இரண்டு. சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அவருடைய அண்ணனும் வீட்டிலிருந்து கூட வந்திருந்தார், விரல் இல்லாத கையால் எனக்குக் கும்பிடு போட்டார். சினிமாக் கதைகள் மறுபடி ஆரம்பித்தன. பழி ஓரிடம் பாவம் ஓரிடம், போகட்டும், ஓர் ஆள் பிழைத்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சில மாதம் கழித்துப் பெங்களூர் இளைஞர் மறுபடி வந்தார். மிஷின் சொன்னதெல்லாம் எவ்வளவு தூரம் சரி என்று சோதிக்கிற வேலை. அதிகாரி அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். இளைஞர் பொறுமையாக எனக்கு விளக்கினார். மிஷின் ஒரு பழுதை வெளியே என்கிறது, பழுதும் சரியாகிவிடுகிறது. ஆனால் அது உண்மையிலேயே வெளியேதான் இருந்ததா என்று பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. அது தெரிந்தால்தான் மிஷினைத் திருத்த முடியும். போன இடமெல்லாம் அவர் அலைந்து தேடியது அதைத்தானாம். சொல்லிக்கொண்டே ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“இவ்வளவு தெளிவான ப்ரூஃப் எங்கேயுமே கிடைக்கலை மேடம். லைன்மேனே எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கார். இந்த ரோட்டுக் கேஸ் எல்லாமே மிஷின் சொன்னது கரெக்ட். இதை வெச்சு வெளியே சாயறதை இன்னும் கொஞ்சம் கூட்டப்போறேன். கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி எல்லா இடத்துக்கும் இதே அளவுதான் போகப்போகுது.”

அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. உண்மையைத் தேடி அலைந்து கண்டுபிடித்த ஆளின் சந்தோஷம். கிருஷ்ணகிரியிலும் போச்சம்பள்ளியிலும் கம்பம் ஏறிக்கொண்டிருந்த, நான் பார்த்தே இராத ஆட்களை நினைத்தேன்.

“அது என் கையெழுத்து” என்றேன்.

“அப்படியா? ரொம்ப அழகா இருக்கு மேடம்.”

“அதுல எழுதியிருக்கறது...”

அதிகாரி குறுக்கிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. “யோசிச்சுச் சொல்லும்மா. அதுல இருக்கறது பொய்யின்னா அவன் டிபார்ட்மென்ட்டுக்குப் பொய் எழுதிக் குடுத்திருக்கான்னு ஆகும். அவனோட ஆர்டரே அந்தக் கடுதாசியை வெச்சுத்தான் வந்தது. பொய்யா?”

ஜன்னலுக்கு வெளியே லைன்மேன் ஏணியை சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். ஏதோ தெலுங்குப் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார். இளைஞர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அந்த அறையில் உண்மை என்ன என்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

“மெய்தான் சார்” என்றேன்.

இளைஞர் டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.